உப்பைத் தின்ற அமைச்சர்

புதுச்சேரியில் பிறந்தாலும் நாங்கள் பிரெஞ்சுக் குடிமக்கள். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்ததன் பலன். அதனால் டெக்ஸாஸில் குடியிருக்கும் எனக்கு ஓட்டு மட்டும் பிரான்ஸில். என் தம்பியோ பாரிஸுக்கு வெளியே ஒரு கார் உதிரிபாக ஆலையில் வேலை பார்த்தான்.

ஆலையை மூடப்போகிறார்கள் என்றதும் தொழிலாளர்கள் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். அப்போது எதிர்க்கட்சியில் இருந்த ஓர் இடதுசாரித் தலைவர் வந்து அவர்களோடு தரையில் அமர்ந்தார். தம்பி மனைவி கொண்டுபோயிருந்த மசால்வடையை ஒன்றுக்கு இரண்டாகக் கேட்டு வாங்கித் தின்றார். தான் இருக்கும்வரை இந்தக் கதவு மூடாது என்றார். யாரோ படம் எடுத்தார்கள். அவர் கையில் வடை, பக்கத்தில் வாயெல்லாம் பல்லாக என் தம்பி.

"நம்ம வீட்டு உப்பத் தின்னவரு அக்கா, மாற மாட்டாரு" என்றான் போனில். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று கேட்டே வளர்ந்தவர்கள் வேறெப்படி யோசிப்போம்? பக்கத்து ஊரான பிளானோவின் இந்தியக் கடையில் கறிவேப்பிலை பொறுக்கிக்கொண்டிருந்தவர்களிடமெல்லாம் அந்தப் படத்தைக் காட்டினேன்.

"எந்த ஊரா இருந்தா என்ன, பாலிடீஷியன் பாலிடீஷியன்தான். ரொம்ப எக்ஸைட் ஆகாத" என்றார் சென்னைக்காரரான என் கணவர். அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. பிரான்ஸில் ஞாயிறு தேர்தல் என்றால் இங்கே எங்களுக்குச் சனிக்கிழமை. நாங்கள் குடியிருக்கும் ரிச்சர்ட்சனிலிருந்து டாலஸ் வாக்குச்சாவடிக்கு நானே காரோட்டிப் போய் அந்தத் தலைவரின் கட்சிக்கு ஓட்டுப் போட்டேன்.

ஜெயித்தார்கள். அவர் தொழிலாளர் துறை அமைச்சரானார். அடுத்த குளிர்காலத்தில் ஆலையை மூடும் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது அவருடைய அமைச்சகம்தான். வேறு வழியில்லை என்று டிவியில் சொன்னார். பார்க்கப் போன தம்பியையும் மற்றவர்களையும் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள்.

"வடையில உப்பு கம்மியா போட்டிருப்பாங்க" என்றார் கணவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதிரி செய்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

போன மாதம் அந்த அமைச்சர் அரசியலிலிருந்து ஓய்வு பெற்றார். அவருடைய பொதுவாழ்வைப் பற்றி பிரெஞ்சு டிவியில் ஒரு நிகழ்ச்சி வந்தது. என்றும் தொழிலாளர்களின் தோழர் என்று சொல்லி, அந்தப் படத்தைத்தான் திரை நிறையக் காட்டினார்கள்.

உடனே தம்பி கூப்பிட்டான். அவனுக்கு இன்னும் நிரந்தர வேலை கிடைக்கவில்லை.

"பாத்தியாக்கா?"

"பாத்தேன்டா."



"அவரு என்ன வேணா சொல்லிக்கட்டும்க்கா. அந்தப் படத்துல நான் சிரிச்சிட்டு இருக்கேனே, அத எப்பிடி அழிக்கச் சொல்றது?"