அக்காவின் கான்சர்டினாவும் நான் எழுதிய வரிகளும்

அக்காவின் முதலாண்டு நினைவுப் பூசைக்கு வருவோர் கையில் இம்மலர் சேரும்போது, முதற்பக்கத்தில் ஓர் இரங்கற்பா இருக்கும் என்று பலர் எதிர்பார்த்திருப்பார்கள். தமிழ் இலக்கியம் படிக்கும் தங்கை இருக்கையில் வேறு யாரைக் கேட்பது என்று பெரியப்பா என்னிடமே சொன்னார். நான் எழுதவில்லை. அக்காவுக்காக ஒருமுறை செய்யுள் எழுதியிருக்கிறேன். அதனால் நேர்ந்ததைச் சொல்லிவிட்டால், இப்போது எழுதாத காரணம் விளங்கும். ஆகையால் உரைநடையில் சொல்கிறேன்.

அக்கா சாந்தோமில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த வாடகை வீட்டில் பிறந்தார். அப்பா துறைமுகத்தில் குமாஸ்தா. அக்காவுக்கும் எனக்கும் பதினோரு வயது இடைவெளி. நான் நடக்கப் பழகிய வருடம் அம்மா இறந்தார். அம்மாவின் முகம் எனக்கு நினைவில்லை. அது ஒரு குறை என்று நான் உணராதபடி என்னை வளர்த்தவர் அக்கா.

அப்பா ஒருநாள் மூர் மார்க்கெட்டின் பழைய சாமான் கடையிலிருந்து ஓர் அறுகோணப் பெட்டியை வாங்கிவந்தார். கோயிலில் பாடும் ஞானப்பாட்டுகளைப் பழகச் சிறிய ஆர்மோனியம் என்று எண்ணி வாங்கியது. வீட்டில் பிரித்துப் பார்த்தால் அதில் கட்டைகளே இல்லை. இரு முனைகளிலும் பத்துப் பத்துப் பொத்தான்கள்; நடுவில் மடிப்பு மடிப்பான தோல் துருத்தி. ஒரே பொத்தானை அழுத்திக்கொண்டு துருத்தியை இழுத்தால் ஒரு சுரம், தள்ளினால் வேறு சுரம். அப்பா ஒரு வாரம் முயன்றார்.

"கிறுக்குப் புடிச்ச பெட்டிம்மா இது. மூச்சு இழுக்கும்போது ஒண்ணு சொல்லுது, விடும்போது இன்னொண்ணு சொல்லுது" என்று சொல்லி அலமாரியின்மேல் வைத்துவிட்டார். அக்கா முக்காலி போட்டு ஏறி அதை எடுத்தார். அதன் பெயர் கான்சர்டினா என்பது பல மாதங்கள் கழித்தே எங்களுக்குத் தெரியவந்தது. எங்கள் வீட்டில் அது கடைசிவரையில் பெட்டிதான்.

அக்கா ஆசிரியப் பயிற்சியை முடித்த வருடம் அப்பா காலமானார். அதன்பின் பல ஆண்டுகள் அக்கா ஆழ்வார்பேட்டையிலும் மயிலாப்பூரிலும் வீடு வீடாகச் சென்று சிறுமிகளுக்குப் பாடம் சொன்னார். பெண் கேட்டு வந்தவர்களிடம், தங்கை படிப்பு முடியட்டும் என்றார். மாலையில் வீடு திரும்பியதும் வாசற்படியில் உட்கார்ந்துவிடுவார். செருப்பைக் கழற்றக் குனிவதற்கே நெடுநேரம் ஆகும். அந்தக் களைப்பை நான் அன்றாடம் பார்த்தேன். அன்றாடம் பார்த்ததாலேயே அதைப் பற்றி யோசிக்கவில்லை.

அவருக்கிருந்த ஒரே சிரமபரிகாரம் பெட்டி. ஞானப்பாட்டுகளில் தொடங்கி, விரைவிலேயே அவற்றைத் தாண்டிப் போனார். லஸ் முனையில் ஒரு காபி கிளப்பில் நாள் முழுவதும் இசைத்தட்டு சுழலும். டிராமுக்குக் காத்திருப்பவரைப் போல அக்கா எதிரே நின்று ஒரு சினிமாப் பாட்டை முழுவதும் கேட்பார். டிராம் வந்தாலும் ஏறமாட்டார். பாட்டை மனத்தில் ஏந்திக்கொண்டு சாந்தோம் வரையில் நடந்தே வருவார். வழியில் யாரேனும் பேச்சுக் கொடுத்தால் தலையை மட்டும் அசைப்பார். வாய் திறந்தால் மெட்டு சிந்திவிடும் என்று பயம். போர் நாட்களில் கடற்கரைச் சாலையில் சிப்பாய்கள் சீட்டியடித்துச் சென்ற ஆங்கில நடனப் பாட்டுகளும் அப்படித்தான் எங்கள் புழக்கடைக்கு வந்து சேர்ந்தன.

அங்கே அவருக்கு ஒரே ஒரு ரசிகர் இருந்தார். பட்டினப்பாக்கத்திலிருந்து மீன் கூடையோடு வரும் அந்தோணியம்மாள். டெண்ட் கொட்டகையில் ஒவ்வொரு படத்தையும் மூன்று முறை பார்ப்பவர்.

"இன்னாம்மா வாசிக்கிற? அந்த எடத்துல அவ அழுதுகினே பாடுவா. ஒம் பெட்டி சிரிக்குதே!"

அக்கா துருத்தியை மெல்ல இழுத்து மறுபடியும் வாசிப்பார்.

"ம்... இப்ப கொஞ்சம் அழுவுது. இந்தா, நெத்திலி ஒரு கை சேத்துப் போட்டுக்கீறேன்."

நான் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு படிப்பேன். சினிமாப் பாட்டு காதில் விழுவது அக்காலத்தில் எனக்கு உவப்பாக இல்லை.

நான் கல்லூரியில் சேர்ந்த வருடம், மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் அக்காவுக்குத் தற்காலிக வேலை கிடைத்தது. கீழ்வகுப்புகளுக்குப் பாடம் சொல்வதோடு, தேகப்பயிற்சி நடத்துவதும் அவர் பொறுப்பு. பள்ளியில் பியானோ இல்லை. தலைமையாசிரியை அம்மையார், "பெட்டி வாசிப்பீங்களாமே, எடுத்துட்டு வாங்க" என்று சொல்லித்தான் அவ்வேலையைக் கொடுத்தார்.

முதலில் அக்கா அணிவகுப்புக்கான நடைப்பாட்டுகளை வாசித்தார். வகுப்பில் பதினெட்டுச் சிறுமிகள், பெரும்பாலும் கடற்கரைக் குப்பத்தவர்; தூங்கி வழிந்தார்கள். ஒருநாள் அந்தோணியம்மாள் அழுகைக்காகத் திருத்திக் கொடுத்த அந்தச் சினிமாப் பாட்டைச் சற்று விரைவாக வாசித்தார். துருத்தி விரிந்தபோது பதினெட்டு ஜோடிக் கைகளும் தாமே உயர்ந்தன. மடங்கியபோது தாமே இறங்கின. இரண்டு மாதம் தேகப்பயிற்சி அம்மெட்டிலேயே நடந்தது. பிறகு தலைமையாசிரியை அம்மையார் காதுக்கு எட்டியது.

"மெட்டு யாருதா வேணா இருக்கட்டும் டீச்சர். வார்த்தை நல்லதா இருக்கணும். ஆய்வுக்கு வெள்ளைக்கார அம்மா வர்றாங்க. அவங்க எழுதற அறிக்கையை வச்சுத்தான் உங்க வேலை நிரந்தரமாகும். அதுக்குள்ள சுகாதாரத்தைப் பத்தி வார்த்தை போட்டுக் கொண்டாங்க."

அந்த வேலை நிலைத்தால் நான் கல்லூரியில் தொடரலாம், இல்லையேல் இல்லை. இதை அக்கா வாய்விட்டுச் சொல்லவில்லை. "நாலு வரி எழுதித் தாடி" என்று மட்டும் கேட்டார்.

நான் பதினாறு வரிகள் எழுதினேன். எதுகை பிழைக்கவில்லை, மோனை பிழைக்கவில்லை. மெட்டின் அளவுக்கு அசை எண்ணி அமைத்து, நல்ல தாளில் மையால் படியெடுத்துக் கொடுத்தேன். அக்கா வாசற்படியில் உட்கார்ந்தபடியே வாசித்தார்.

"'தூநீர் பருகித் துயர்நோய் களைவோம்'... எங்க பிள்ளைங்க வாயில இது நுழையுமாடி? 'தண்ணியக் காய்ச்சிக் குடி'ன்னு எழுதேன்."

"அப்படி எழுதினா தளை தட்டும் அக்கா."

"தட்டினா தட்டிட்டுப் போவட்டுமே."

"தப்பான செய்யுளை எழுத என்னால முடியாது."

அக்கா தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். வாதாடும் தெம்பு அன்று அவரிடம் இல்லை. மறுநாள் ஒரு சிறுமி, "துயர்நோய்னா இன்னா டீச்சர்? எங்க சித்திக்கு வந்துகீதே, அதுவா?" என்று கேட்டதாக மட்டும் சொன்னார். அதற்கும் நான் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை.

ஆய்வு நாளில் நடந்தது அக்கா சொல்லி நான் அறிந்தது. முதல் வரியைச் சிறுமிகள் சரியாகப் பாடினார்கள். இரண்டாம் வரியில் நாக்குப் புரண்டது. முன்வரிசையில் ஒருத்தி பயத்தில் தனக்குத் தெரிந்த சினிமாச் சொற்களுக்குத் தாவினாள். மூன்றாம் வரிக்குள் பதினெட்டுப் பேரும் அவளோடு சேர்ந்துகொண்டார்கள். நிலவொளியில் காதலனை அழைக்கும் கதாநாயகியின் பாட்டைத் தொண்டை திறந்து பாடினார்கள். பெட்டியை நிறுத்தினால் தவறு வெளிப்பட்டுவிடும் என்று அக்கா வாசித்துக்கொண்டே இருந்தார். வெள்ளைக்கார அம்மையாருக்குத் தமிழ் தெரியாது. பென்சிலால் தாளம் தட்டிக்கொண்டே, பாட்டின் பொருள் என்ன என்று கேட்டார்.

தலைமையாசிரியை அம்மையாரின் கையில் என் தாள் இருந்தது. அவர் அதைப் பார்த்து, வரி வரியாக ஆங்கிலத்தில் சொன்னார். நீ வராவிட்டால் உயிரை விடுவேன் என்று சிறுமிகள் உருகிய இடத்தில், உணவை ஈ மொய்க்காமல் மூடி வைக்கவேண்டும் என்றார். மார்பில் சாய்ந்துகொள்வேன் என்ற இடத்தில், வாரம் ஒருமுறை நகம் வெட்டவேண்டும் என்றார். சுகாதாரத்தைக் குறித்து இவ்வளவு உருக்கமாகப் பாடும் குழந்தைகளைத் தாம் எங்கும் கண்டதில்லை என்று அந்த அம்மையார் அறிக்கையில் எழுதிச் சென்றார்.

இதைச் சொல்லும்போது அக்கா சிரித்தார். அப்பா இறந்தபின் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மீண்டும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் வரிகளை அவர்கள் பாடவில்லையே என்பதுதான் என் மனத்தில் நின்றது.

பிறகு அக்கா, "வேலை நிரந்தரமாயிடுச்சி. பெட்டிதான் வேணாமாம்" என்றார்.

தலைமையாசிரியை அம்மையார் அவரைத் தனியே அழைத்துச் சொன்னது இது: "அந்த அம்மாகிட்ட நான் பொய் சொன்னேன் டீச்சர். உங்க வேலைக்காகச் சொன்னேன். இந்தப் பெட்டிக்காக இன்னொரு தடவை சொல்ல மாட்டேன். வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க."

அதற்குப்பின் மூன்று ஆண்டுகள் அக்கா புழுதி பறக்கும் முற்றத்தில் நின்று, ஒன்று, இரண்டு, மூன்று என்று குரலாலேயே தேகப்பயிற்சி நடத்தினார். மாலையில் குரலில்லாமல் வீடு திரும்புவார். உப்பு வேண்டுமா, விளக்கேற்றவா என்பதெல்லாம் எங்களுக்குள் கைச்சைகையாயிற்று. பிறகு இருமல் வந்தது. அதன்பின் வைத்தியர் வந்தார்.

காசநோய்க்கும் முற்றத்தில் உரக்க எண்ணியதற்கும் தொடர்பில்லை என்று வைத்தியர் சொன்னார். அவர் சொன்னதை நான் பெரும்பாலும் நம்புகிறேன். தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று நான் எழுதியிருந்தால் பிள்ளைகள் அதைப் பாடியிருப்பார்கள். பெட்டியும் பள்ளியிலேயே இருந்திருக்கும். இதை அக்கா ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. நானும் அவரிடம் சொன்னதில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

எட்டு மாதங்கள் படுக்கையில் இருந்தார். தலைமையாசிரியை அம்மையார் அவருடைய வேலையை வேறொருவருக்குக் கொடுக்காமல் வைத்திருந்தார். சனிக்கிழமைதோறும் ஆரஞ்சுப் பழங்களோடு வந்து, பள்ளிச் செய்திகளைச் சொல்லிவிட்டுப் போவார். ஒரு சனிக்கிழமை பிற்பகலில் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அந்தப் பெட்டி இருக்குதா டீச்சர்? அன்னிக்கு பயத்துல நான் பாட்டையே கேக்கல."

நான் முக்காலியில் ஏறி அதை இறக்கினேன். அக்காவின் வலக்கை விரல்கள் அசைந்தன. இடக்கையில் பிடிக்க வலுவில்லை.

"நீ இந்தப் பக்கத்தைப் புடிச்சுக்க. நான் சொன்னா இழு, சொன்னா தள்ளு" என்றார்.

கட்டிலின் ஒருபுறம் அக்கா, மறுபுறம் நான், நடுவில் துருத்தி. அந்த மெட்டுக்கு அசை எண்ணியவள் நான். எங்கே இழுப்பு, எங்கே தள்ளல் என்பது எனக்குத் தெரியவில்லை.

"இழு... தள்ளு. தள்ளுன்னேனே! நீ இழுத்தா வேற பாட்டு வருதுடி."

கதவோரம் கூடையை இறக்கி உட்கார்ந்திருந்த அந்தோணியம்மாள், "காலேஜிக்குப் போற பொண்ணு, தள்றதுக்கும் இழுக்கறதுக்கும் வித்யாசம் தெர்ல பாரு" என்றார்.

நாலைந்து முறைக்குப்பின் வந்தது. ஆனால் தாழ்ந்த சுரங்களெல்லாம் என் பக்கத்துப் பொத்தான்களில் இருந்தன. அவற்றை எனக்கு வாசிக்கத் தெரியாது. பாட்டு அங்கங்கே நின்றது.

"நீ இழுத்துகினே இரு தங்கச்சி, அத்த நான் பாட்றேன்" என்று அந்தோணியம்மாள் அந்த இடைவெளிகளைத் தம் குரலால் நிரப்பினார். நிலவும் காதலனும் எங்கள் சிறிய அறைக்குள் வந்துபோனார்கள். தலைமையாசிரியை அம்மையார் கண்ணை மூடிக் கேட்டிருந்தார். முடிந்ததும் மிகுந்த மரியாதையோடு வினவினார்:

"இதுல நகம் வெட்டறது எந்த எடத்துல வருது டீச்சர்?"

அக்கா சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று; இருமல் அடங்கியதும் மீண்டும் சிரித்தார். இம்முறை நானும் சிரித்தேன். பன்னிரண்டு நாட்களுக்குப்பின், காலையில், பங்குச் சாமியார் எண்ணெய் பூசி ஜெபிக்க, அவஸ்தைப்பூசுதல் பெற்று அக்கா கண்மூடினார்.

அழைத்தபோதெல்லாம் வந்த வைத்தியருக்கும், பங்குச் சாமியாருக்கும், அடக்கத்தின் செலவையும் அலைச்சலையும் ஏற்ற பெரியப்பாவுக்கும், எட்டு மாதமும் சோறு வடித்துத் தந்த அண்டை வீட்டாருக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். தலைமையாசிரியை அம்மையார், தாம் பொய் சொன்னதை இங்கே எழுத அனுமதி தந்தார். எழுதாமல் விட்டால்தான் வருத்தப்படுவேன் என்றார். அந்தோணியம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. இதை நானே அவருக்குப் படித்துக் காட்டுவேன்; பிழை இருந்தால் அவர் சொல்லுவார். கடைசியாக, என் வரிகளை மறந்துபோன பதினெட்டு மாணவிகளுக்கும் என் நன்றி. அவர்கள் மறந்திராவிட்டால் அந்த இரண்டு நாட்களிலும் அக்கா சிரித்திருக்கமாட்டார்.

இரங்கற்பா கேட்டவர்கள் பொறுத்தருள வேண்டும். அக்காவுக்கு ஏற்கெனவே ஒரு பாட்டு இருக்கிறது. பூசை முடிந்து கல்லறைக்கு நடக்கையில் அது யார் வாயிலாவது வந்தால் அடக்கவேண்டாம். அதன் சொற்களை இம்மலரில் அச்சிடவில்லை. நான் எழுதியவை ஒருவருக்கும் நினைவில்லை. மற்றவை உங்கள் எல்லோருக்கும் தெரியும்.