அம்மா சொல்லாத பெயர்

என் அப்பாவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அம்மா தன் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் அதைச் சொன்னாள். அவள் பொத்திப் பொத்தி வைத்ததை நான் சந்திக்கு இழுக்க மாட்டேன்.

எங்கள் ரப்பர் தோட்டத்தில் அந்தப் பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். கங்காணி தன் ஊரைச் சுற்றியே ஆள் கட்டிக் கப்பலேற்றியவர். எல்லாருக்கும் ஒரே குலசாமி, அப்புறம் பெயர் மட்டும் எப்படி வேறாக இருக்கும்? காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது அந்தப் பெயரைக் கூப்பிட்டால் மூன்று குரல் பதில் சொல்லும். சங்கடமெல்லாம் அம்மாவுக்குத்தான். புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்றால் மற்ற இரண்டு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாதே. அதனால் அவரவர் செய்த காரியத்தை வைத்துக் கூப்பிட்டாள்.

ஜப்பான்காரன் வந்த பிறகு கடையில் மண்ணெண்ணெய் இல்லை, சவுக்காரம் இல்லை, சைக்கிளுக்கு டயர் இல்லை. மூன்று பேரும் ஆளுக்கு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ஒருவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போட்டவர். சாம்பல் தண்ணீரில் தேங்காயெண்ணெயைக் காய்ச்சிச் சவுக்காரம் செய்தார். அது அழுக்கை விட்டுவிட்டுத் தோலை எடுத்தது. எங்கள் வரிசைவீட்டு லயமே கேலி செய்தது. முதல் வருஷமே காய்ச்சலில் போய்விட்டார், பாவம்.

அடுத்தவர் எங்கள் பக்கத்து வீடு. பால்மரம் வெட்ட வருவதற்கு முன் சிரம்பானில் சைக்கிள் கடையில் இருந்தவர். தேங்காய்நார்க் கயிற்றை ரப்பர் பாலில் ஊறப்போட்டுச் சுற்றிச் சுற்றி டயராக்கினார். அம்மாவுக்கு அவர் டயர் அண்ணன். என் அப்பா ரப்பர் சீட்டுக்குப் புகை போடும் கொட்டகையில் நெருப்புப் பார்த்தவர். கழிவு ரப்பரை மூடிய டின்னில் காய்ச்சி, ஆவியைக் குழாயில் இறக்கி எண்ணெய் எடுத்தார். நாற்றம் குடலைப் பிடுங்கும். ஆனால் விளக்கு எரிந்தது, லோரிகூட ஓடியது. கைமாறிக் கைமாறி அந்த எண்ணெய் மம்பாவ் டவுன் வரைக்கும் போயிற்று. அம்மாவுக்கு அப்பா வெறும் 'இவங்க'.

எண்ணெய் போன வழியே பேச்சும் போயிருக்கிறது. அதுதான் பயம். சுவா பக்கத்துத் தோட்டத்தில் இஞ்சின் பழுது பார்க்கத் தெரிந்த ஒருவரை ஜப்பான்காரன் ஏற்றிக்கொண்டு போனான், ஆளைக் காணவே இல்லை. அன்றிலிருந்து எங்கள் லயத்தில் யார் கேட்டாலும் யாருக்கும் ஒன்றும் தெரியாது. தொழில் தெரிந்த கையைத் துணியில் சுற்றி ஒளித்துவைக்காத குறை.

ஒரு மத்தியானம் ஆபீசில் கணக்கு எழுத வந்த புதுக் கிராணி ஒரு சிப்பாயோடு லயத்துக்கு வந்தார். தோட்டத்துக்குப் புதுசு, ஆள் முகம் தெரியாது. ஆம்பளைகள் வேலைக்காட்டில் இருந்தார்கள். வாசலில் நின்ற அம்மாவிடம், எண்ணெய் காய்ச்சுகிறவர் அவள் புருஷனா என்று கேட்டார். அம்மா பக்கத்து வீட்டைக் கை காட்டினாள்.

"அவங்களுக்குச் சோறு பொங்கக்கூடத் தெரியாதுங்க. எண்ண காய்ச்சறது பக்கத்து வீட்டு அண்ணன்."

எதற்குக் கேட்கிறோம் என்று அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? அம்மாவைக் குறை சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும், அவளிடம் எனக்குக் கோபமே வந்ததில்லை. கிராணியிடம் வந்த கோபம் இன்றைக்கும் ஆறவில்லை.

மறுநாள் பெரட்டில் சொன்னார்கள். எண்ணெய் காய்ச்சுகிறவர் தோட்டத்திலேயே இருந்து ஜப்பான்காரன் லோரிக்குக் காய்ச்சித் தரவேண்டும். அதே பெயருள்ள மற்றவர் சயாமுக்கு ரயில் பாதை போடப் போகவேண்டும்.

அம்மா உண்மையைச் சொல்லக் கிராணி வீட்டுக்கு ஓடப் பார்த்தாள். அப்பா கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"வாயத் தொறக்காத. பொய் சொன்னேன்னு தெரிஞ்சா ஒன்னக் கட்டிவச்சு அடிப்பானுங்க. புள்ளைக்கு ஒருத்தராச்சும் வேணும்."

பக்கத்து வீட்டுக்காரர் வந்து தானே போவதாக அழுதார். அம்மா தன்னைக் காட்டிக்கொடுத்ததும் அவருக்குத் தெரியும், அதனால்தான் தப்பித்தோம் என்பதும் தெரியும். திட்டவும் முடியாமல் கும்பிடவும் முடியாமல் நின்றார். அப்பா அவரைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனார். அவருக்கு எண்ணெய் எடுக்கத் தெரியாவிட்டால் எல்லாரும் மாட்டிக்கொள்வோம். வீட்டிலிருந்த கடைசிப் பகலை அப்பா எங்களோடு கழிக்கவில்லை. தீ எவ்வளவு வைக்கவேண்டும், குழாயில் ஈரச்சாக்கை எங்கே சுற்றவேண்டும், மூடி ஆடினால் எப்படி விலகவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் தண்ணீர் கொண்டுபோனபோது பக்கத்து வீட்டுக்காரர் அழுதுகொண்டே விறகு தள்ளிக்கொண்டிருந்தார்.

"அழுவாம நெருப்பப் பாரு. நாளையிலேர்ந்து இந்தப் பேருக்கு இங்க நீ ஒருத்தந்தான்" என்றார் அப்பா.

ஜப்பான்காரன் போகும்வரை பக்கத்து வீட்டுக்காரர் அந்த எண்ணெயைக் காய்ச்சினார். கிடைத்த அரிசியில் பாதியை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போவார். அம்மா அதை எனக்குப் பொங்கிப் போட்டாள். தனக்கு மரவள்ளிக்கிழங்கே போதும் என்றாள். சண்டை முடிந்து சயாமிலிருந்து எலும்பும் தோலுமாய்த் திரும்பியவர்களிடம் அவர்தான் எங்களுக்காக அப்பா பெயரைச் சொல்லி விசாரித்தார். அந்தப் பெயரில் அங்கே எத்தனையோ பேராம். எந்த ஆளென்று அவர்களால் சொல்ல முடியவில்லை. அப்பா வரவே இல்லை.

அப்பாவை ஏற்றிய காலையைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. லோரியில் ஆட்களை நெருக்கி நிறுத்தியிருந்தார்கள். அப்பா எங்களுக்கு முதுகு காட்டி நின்றார், திரும்ப இடமில்லை. நாங்களும் பக்கத்து வீட்டுக்காரரும் ரோட்டோரத்தில் நின்றோம். லோரி கிளம்பியதும் அம்மா நாலு எட்டு ஓடினாள். 'என்னாங்க' என்று கூப்பிட்டால் யாரை என்று தெரியும்? அங்கே எல்லாப் பெண்டாட்டிகளும் அதையேதான் கத்திக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் தொண்டை கிழிய அப்பாவின் பெயரைச் சொன்னாள்.

பக்கத்து வீட்டுக்காரர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். அப்பா திரும்பவில்லை. அம்மாவின் குரலில் அந்தப் பெயரை அவர் கேட்டதே இல்லை. யாரோ பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருப்பார்.