கழுகுமலைப் படியில் எடுத்த படம்

அலுவலக நண்பர் ஒருவரின் மகள் கல்லூரியில் ஏதோ குறும்படம் எடுக்கிறாளாம். "அங்கிள், உங்க கேமரா சும்மாதானே இருக்கு?" என்று போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்துவிட்டாள். சும்மாதான் இருந்தது. பீரோவின் மேல்தட்டிலிருந்து பையை இறக்கி, தரையில் செய்தித்தாள் விரித்து, உள்ளே கிடந்ததையெல்லாம் தட்டினேன். லென்ஸ் துடைக்கிற துணி, தேதி முடிந்த மாத்திரை அட்டை, கடலைமிட்டாய் சுற்றிய தாள். எல்லாம் விழுந்த பிறகு பையின் மூலைத் தையலிலிருந்து ஒரு சிட்டிகை கறுப்பு மண் உதிர்ந்தது. விரலில் எடுத்து எச்சில் தொட்டுத் தேய்த்தேன். மை போலக் குழைந்து விரலோடு ஒட்டிக்கொண்டது. அந்தப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கேமராவை வாங்கிக்கொண்டு சீக்கிரமே கிளம்பிவிட்டாள்.

கரிசல் மண்ணை வெயிலில் பார்த்தவர்கள் அதன் குணத்தைத் தெரிந்துகொள்ள முடியாது. கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஒரு மழை விழட்டும், அப்புறம் காலை விடாது. இரண்டு வயல் நடந்தால் செருப்பு ஒவ்வொன்றும் அம்மிக்கல் கனம் கனக்கும். ஒரு ஐப்பசியில் அக்கா ஊரில், பருத்திச் செடியை வானத்தோடு சேர்த்து எடுக்கிறேன் பேர்வழி என்று வயிறு படியப் படுத்தேன். எழுந்திருக்க முடியவில்லை. அத்தான் ஒரு கையையும் அவர் மகள் செல்வி ஒரு கையையும் பிடித்து இழுத்தார்கள். "போட்டோகிராபர்" என்று என்னை நானே அழைத்துக்கொண்ட காலம் அது.

அக்காவை நாகலாபுரத்துக்குப் பக்கத்து கிராமம் ஒன்றில் கட்டிக்கொடுத்திருந்தோம். அத்தான் வீட்டார் தலைமுறையாக ஆடு வைத்திருந்தவர்கள். அத்தான் காலத்தில் பாதி ஆடு, பாதி வெள்ளாமை என்று ஆகியிருந்தது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்கு ஊர் என்று இருந்தது அக்கா வீடுதான். பொங்கலுக்கு என் மனைவி மகனை அழைத்துக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போவாள். நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு கோயம்புத்தூரிலிருந்து கோவில்பட்டிக்கு பஸ் ஏறுவேன்.

"ஏலே, வந்ததும் வராததுமா அதைத் தூக்கிட்டு எங்க கிளம்புத? ஒரு வாய் தின்னுட்டுப் போ" என்பாள் அக்கா. வாசலில் அத்தான் வண்டியை உதைத்துக்கொண்டிருப்பார். அவருக்கு என்னைவிட அவசரம். பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்தும் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. என் சாக்கில்தான் எல்லாவற்றையும் பார்த்தார். ஓட்டப்பிடாரத்து நினைவு இல்லத்தில் ஒவ்வொரு பலகையையும் எழுத்துக்கூட்டி வாசித்தார். மணியாச்சி ஜங்ஷனில், தண்டவாளம் வளைகிற இடத்தில் ரயில் வரட்டும் என்று நான் இரண்டு மணி நேரம் காத்துக்கிடந்தபோது மட்டும் சலித்துக்கொண்டார். "மாப்ள, எல்லாரும் ரயிலு ஏற மணியாச்சிக்கு வருவாவ. நீரு ஒருத்தர்தான் ரயிலப் பாக்க வந்திருக்கீரு."

செல்வி அப்போது கோவில்பட்டியில் கல்லூரி இரண்டாம் வருஷம், இயற்பியல். விடிய ஊரை விட்டால்தான் பஸ்ஸைப் பிடிக்க முடியும். படித்து முடித்து டீச்சராக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என் கேமரா முக்காலியைத் தூக்கி வருகிறவளும் அவள்தான். நான் லென்ஸைத் திருகித் திருகிப் பார்ப்பதைக் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டிருந்துவிட்டு, "உங்களுக்கு வெளிச்சம் தெரியுது மாமா. கணக்குத்தான் தெரியல" என்று சொல்லி, குவியத் தூரம் பற்றி மண்ணில் படம் போட்டுக் காட்டுவாள். எனக்கு அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை. ஆனால் அவள் சொன்ன எண்ணை வைத்து எடுத்தால் படம் கூர்மையாக விழும்.

அந்த வருஷம் மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கழுகுமலைக்குப் போனோம். அக்கா, அத்தான், செல்வி, நான் நான்கு பேரும். ஊரே அங்கே வந்தது போலக் கூட்டம். கட்டுச்சோற்று வாசனையும் வெட்டிய கரும்பின் வாசனையும் பாறைச் சூடும் சேர்ந்து ஒரு வாடை. அக்கா கீழ்க்கோயிலில் கும்பிட்டுவிட்டு முழங்கால் வலி என்று அடிவாரத்திலேயே உட்கார்ந்தாள். அத்தான் துணைக்கு இருந்தார். நானும் செல்வியும் மேலே ஏறினோம். ஒரே கல்லில் குடைந்த கோயிலைச் சுற்றிச் சுற்றி எடுத்தேன். பாறையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் சமணச் சிற்பங்களை எடுத்தேன். செல்வி கொஞ்ச நேரம் கூட நின்றாள். பிறகு, "மாமா, நீங்க எடுங்க, நான் அங்கன நிழல்ல உக்காந்திருக்கேன்" என்று போனாள்.

சாயங்கால வெயில் பாறையில் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. மேலே நின்றபடி படிக்கட்டையும் அதில் ஏறி இறங்குகிற ஜனத்தையும் தூரத்து வயல்களையும் சேர்த்து ஒரு படம் எடுத்தேன். அவ்வளவுதான் தெரியும். திரும்பும்போது பஸ்ஸில் கேமராவின் சின்னத் திரையில் பார்த்தேன். ஓரத்தில் ஒரு படியில் செல்வி உட்கார்ந்திருந்தாள். கையில் தண்ணீர் பாட்டில். பக்கத்தில் யாரையோ பார்த்துத் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பில்தான் வெயில் விழுந்திருந்தது. பக்கத்தில் இருந்த பையனை வழிப்போக்கன் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், நினைக்கக்கூட இல்லை. ஏழெட்டு வருஷமாக எடுத்ததில் இதுதான் நல்ல படம் என்று எனக்குள் ஒரே பூரிப்பு.

மறுநாள் மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் கேமராவை ஒயர் மாட்டி டிவியில் போட்டேன். அத்தானின் அண்ணன், நாங்கள் பெரிய அத்தான் என்று கூப்பிடுகிறவர், வந்திருந்தார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருநூறு உருப்படி ஆடு மேய்ந்து திரும்பும்போது ஒன்று குறைந்தால் எண்ணாமலே சொல்லிவிடுவார். எது என்றும் சொல்வார். செல்வியைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டவரும் அவர்தான்.

படங்கள் ஒவ்வொன்றாக ஓடின. அந்தப் படம் வந்து போனது. "பின்னால போங்க மாப்ள" என்றார். போனேன். "ஓரத்துல இருக்கது நம்ம பிள்ளதான? பெருசா ஆக்க முடியுமா?"

முடியுமாவா? அதற்காகத்தானே அந்த லென்ஸையே வாங்கினேன். "எவ்வளவு வேணும்னாலும் பெருசாக்கலாம் பெரியத்தான், துளி உடையாது" என்று பெருமையோடு பட்டனை அழுத்தினேன். செல்வி டிவியை நிறைத்தாள். "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்" என்றார். நகர்த்தினேன். அந்தப் பையன் வந்தான்.

கூடத்தில் எல்லாரும் டிவியை விட்டுச் செல்வியைப் பார்த்தார்கள். அப்போதும் எனக்குப் புரியவில்லை.

"யாரு இது?"

செல்வி சுவரோரமாக நின்றாள். தலை குனிந்திருந்தது. "கூடப் படிக்கிறவிய பெரியப்பா."

"எந்த ஊரு?"

ஊரைச் சொன்னாள். ஊர்ப் பெயரே போதும், அந்தப் பக்கத்தில். மேற்கொண்டு எதுவும் கேட்க வேண்டியதில்லை. பெரிய அத்தான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "அத நிப்பாட்டுங்க மாப்ள" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நான் பதில் ஏதாவது பேசியிருப்பேனோ என்று பிற்பாடு பல தடவை யோசித்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் அண்ணனும் தம்பியும் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். காலேஜ் போதும், நல்ல இடமாகப் பார்த்து முடித்துவிடலாம் என்று பெரிய அத்தான் சொன்னார். அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "மாப்ள, நீரு என்ன சொல்லுதீரு? தாய்மாமன் ஒரு வார்த்த சொல்லணும்லா" என்றார்.

அவர் அதை எப்படிக் கேட்டார் என்று இப்போதுதான் புரிகிறது. அண்ணனுக்கு எதிரே அவரால் சொல்ல முடியாததை நான் சொல்வேன் என்று எதிர்பார்த்துத்தான் கேட்டிருக்கிறார். பிள்ளை இன்னும் ஒரு வருஷம் படித்து முடிக்கட்டும், மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. அடுப்படிக் கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. செல்வி அங்கேதான் நின்றாள்.

"பெரியவங்க நீங்க இருக்கீங்க. பாத்துச் செய்யுங்க" என்றேன்.

கதவுக்குப் பின்னாலிருந்த ஆள் அகன்றுபோகிற காலடி கேட்டது. அக்கா காபி கொண்டுவந்து வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று மத்தியானமே கிளம்பிவிட்டேன். கோவில்பட்டி பஸ்ஸில் உட்கார்ந்து கேமராவை எடுத்து அந்தப் படத்தை அழித்தேன். அழித்துவிட்டால் நடந்தது கொஞ்சம் குறையும் என்று அப்போது நம்பினேன். வேறு எங்கேயும் அதைச் சேமித்து வைத்திருக்கவில்லை.

ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை அருப்புக்கோட்டைப் பக்கம், சொந்தமாக லாரி ஓட்டுகிறவர். நல்ல மனுஷன்; அதையும் சொல்லத்தான் வேண்டும். தாய்மாமன் சீர் கொண்டுபோனேன். "நம்ம வீட்லயே கேமரா இருக்குல்லா" என்று எல்லாரும் சொல்ல, கல்யாணப் படமும் நானே எடுத்தேன். நானூறு ஐந்நூறு இருக்கும். ஒவ்வொன்றிலும் செல்வி நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கேமராவுக்குப் பின்னால் இருந்தேன்; அது எனக்கு வசதியாக இருந்தது.

அதற்கு அப்புறமும் பொங்கலுக்குப் போனேன். அத்தான் வண்டியை எடுக்கவில்லை. எங்கே போகலாம் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வேப்ப மரத்தடியில் இரண்டு நாற்காலி போட்டு மழையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன். கேமராவைக் கோயம்புத்தூரிலேயே விட்டுவிட்டுப் போகிற வழக்கம் அப்படித்தான் வந்தது.

போன பொங்கலுக்கு முந்தின பொங்கல், செல்வி தன் மகளோடு வந்திருந்தாள். அக்கா தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரம். குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே, "மாமா, ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள். இத்தனை வருஷம் வராத கேள்வி வந்துவிட்டது என்று நினைத்தேன். என்ன கேட்டாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன்.

"அந்தப் போட்டோ இருக்கா?"

"எதும்மா?"

"கழுகுமலையில எடுத்தீங்கள்லா."

"இல்லம்மா. அன்னைக்கே அழிச்சிட்டேன்."

"ஓ" என்றாள். இன்னொரு வாய் ஊட்டினாள். "நான் அத பாக்கவே இல்ல மாமா. டிவியில போடும்போது தலையக் குனிஞ்சிட்டேன். எப்படியும் உங்ககிட்ட இருக்கும், என்னைக்காவது கேட்டு வாங்கிக்கலாம்னு நெனச்சிட்டே இருந்தேன். எங்ககிட்ட வேற போட்டோ கிடையாது, பாத்துக்கோங்க."

கோயம்புத்தூருக்கு வந்ததும் அந்த மெமரி கார்டை எடுத்துக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன். அழிந்ததை மீட்டுத் தருவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கடைக்காரர் இரண்டு நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார். "அழிச்சதும் அப்படியே வச்சிருந்தா எடுத்திருக்கலாம் சார். இதுல அதுக்கு மேலயே நெறைய படம் எடுத்திட்டீங்க. ஏதோ கல்யாணம் போல."

இதைச் செல்வியிடம் சொல்லவில்லை. முயற்சி செய்தேன், கிடைக்கவில்லை என்று மட்டும் போனில் சொன்னேன். "பரவால்ல மாமா" என்றாள். வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "அதுல எப்படி இருந்தோம்? சொல்லுங்களேன்" என்றாள்.

சொன்னேன். சாயங்கால வெயில், படிக்கட்டு, மேலும் கீழும் போகிற ஜனம், அவள் கையில் பாட்டில், தலையைச் சாய்த்து அவள் சிரித்தது, தாவணி நுனி காற்றில் பறந்தது. பாறையில் அவள் நிழல் விழுந்திருந்ததைக்கூடச் சொன்னேன்.

"அவிய?" என்றாள். "அவிய எப்படி இருந்தாவ?"

போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"அவனும் சிரிச்சிட்டுதாம்மா இருந்தான்."

"ஆமா" என்றாள். "சிரிச்சிட்டுதான் இருந்திருப்பாவ." பிறகு, பிள்ளை எழுந்துவிட்டது என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அவன் சிரித்தானா என்று எனக்குத் தெரியாது. அப்புறம் திருப்பூருக்கு வேலைக்குப் போனான் என்று கேள்வி, நான் விசாரிக்கவில்லை. ஒரு கூடம் நிறைந்த ஆட்களுக்கு நான்தான் அவன் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். எவ்வளவு நினைத்துப் பார்த்தாலும் அந்த முகம் எனக்கு வரமாட்டேன் என்கிறது.