பாறை மேல் ஒரு மஞ்சள் டிக்

மியூசியத்துக்கு நாங்கள் ஓவியம் பார்க்கப் போகவில்லை, ஃபேனுக்காகப் போனோம். தம்பியின் வாரிசு சான்றிதழுக்காக அம்மாவும் நானும் கிருஷ்ணகிரியில் ஒரு ஆபீஸுக்கு மூன்றாவது தடவையாக வந்திருந்த நாள் அது. கையெழுத்துப் போட வேண்டியவர் மீட்டிங்கில் இருக்கிறார், மூன்று மணிக்கு மேல் வாங்க என்றார்கள். அப்போது மணி பதினொன்று. பழைய நானாக இருந்தால் அந்த மேஜையைத் தட்டி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். எனக்கு நாக்கு நீளம் என்பது ஓசூரில் எங்கள் கம்பெனி லைனில் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்குச் சரிங்க என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

தம்பி போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. காலை ஷிஃப்டுக்கு பைக்கில் போனவன். ஹைவே, லாரி. அதற்கு மேல் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. எல்லோரும் அழுதார்கள், நான் அழவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளினால் யாருடைய கன்னத்தையோ கிள்ளுவது மாதிரி இருக்குமே, அப்படி இருந்தேன். சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன், தூங்கினேன். அம்மா அதைவிட மோசம். வாயைத் திறந்தால் தெருவே அடங்கும் என்று பேர் வாங்கியவள், இப்போது கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

வெயிலில் எங்கே போவது என்று நிற்கும்போதுதான் அந்த பேனர் கண்ணில் பட்டது. நம் மாவட்டத்துப் பாறை ஓவியங்கள், கண்காட்சியும் உரையும், அனுமதி இலவசம். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள், நாலு ஃபேன், பள்ளிக்கூடத்திலிருந்து ஓட்டிக்கொண்டு வந்திருந்த பிள்ளைகள். டீயும் பன்னும் கொடுத்தார்கள். அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள்.

பேச வந்தவர் ஒரு அம்மா, ஆராய்ச்சி செய்கிறவர். கதர்ப் புடவை, கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி. திரையில் ஒவ்வொரு படமாகக் காட்டினார். பாறையில் வெள்ளை நிறத்தில் வரைந்த மனிதர்கள், குதிரை மேல் ஒருவன், கை தூக்கி நிற்கும் நாலு பேர். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தியதாகவும் இருக்கலாம் என்றார். இருக்கட்டுமே, எனக்கு என்ன என்று நான் பன்னைத் தின்றுகொண்டிருந்தேன். அம்மாதான் என் கையைத் தட்டினாள்.

"ஏ பாப்பா, அது நம்மூர்ப் பாறதானே? உத்தனப்பள்ளி ரோட்டுலேர்ந்து உள்ள போனா வருமே."

அதேதான். எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேர நடை. ஞாயிற்றுக்கிழமையானால் தம்பியும் அவன் கூட்டாளிகளும் அந்தப் பாறையடியில்தான் கிடப்பார்கள். முட்டி வலியால் அம்மா மேலே ஏறிப் பார்த்ததே இல்லை.

அடுத்த படம் வந்தது. அதே குதிரை, அதைச் சுற்றி ஏகப்பட்ட பெயர்கள். கரி, சுண்ணாம்பு, பெயின்ட், அம்பு விட்ட இதயம். பிள்ளைகள் சிரித்தார்கள். "பேரையெல்லாம் படிக்க வேண்டாம். யாரையும் அசிங்கப்படுத்தறது நம்ம நோக்கமில்ல. வர்ற ஞாயித்துக்கிழமை இதையெல்லாம் முறையா எடுக்கப் போறோம். விருப்பமுள்ளவங்க வந்து பாக்கலாம்" என்றார் அந்த அம்மா.

நான் படித்துவிட்டேன். குதிரையின் காலடியில் மஞ்சள் எழுத்தில் என் தம்பியின் பெயர், இனிஷியலோடு. பக்கத்தில் ஒரு டிக்.

அந்த டிக்கை எனக்கு நன்றாகத் தெரியும். கம்பெனியில் அவன் வேலை போல்ட் முடுக்குவது. முடுக்கியதும் மேலே மஞ்சள் பெயின்ட் மார்க்கரால் ஒரு டிக் போட வேண்டும், இது ஓகே என்று. ஒரு மார்க்கரை வீட்டுக்குச் சுட்டுக்கொண்டு வந்து கண்டதிலெல்லாம் போட்டான். கேஸ் சிலிண்டர் ஓகே, குக்கர் ஓகே, அம்மாவின் டிபன் பாக்ஸ் மூடி ஓகே. ஒரு தடவை தூங்கும்போது என் கால் கட்டைவிரல் நகத்திலும் போட்டுவிட்டான், ரெண்டு நாள் அவனோடு பேசவில்லை.

அம்மா கர்நாடகப் பக்கத்து ஊரில் பிறந்தவள். நாலாவது வரை கன்னடம் படித்தவள், தமிழெழுத்து படிக்க வராது. கண்ணிலும் புரை. திரையில் ஜன்னல் வெளிச்சம் வேறு. அவள் உச்சுக்கொட்டினாள்.

"எவ்வளவு அழகா வரஞ்சிருக்காங்கோ. எந்தக் கழுத பண்ண வேலையோ இது. பெத்தவ வளத்த லட்சணம்."

ஏழு மாதத்தில் அவள் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். நான் என்ன சொல்வது? உன் கழுதைதான் என்றா?

உரை முடிந்ததும் அம்மாவே எழுந்து போய் பேச வந்த அம்மாவிடம் எங்கள் ஊர் பாறைதாங்க அது என்று சொல்லிவிட்டாள். அவருக்கு ஒரே சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை கண்டிப்பாக வாருங்கள் என்று அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மூன்று மணிக்குப் போனபோது ஆபீஸில் திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். சரிங்க என்றேன்.

நாலு நாள் யோசித்தேன். சொன்னால் அம்மா அவமானத்தில் செத்துப்போவாள். சொல்லாவிட்டால் தன் பிள்ளையின் எழுத்து அழிவதை எவனுடையதோ என்று வேடிக்கை பார்ப்பாள். அவன் கையால் எழுதியது வீட்டில் ஒரு துண்டுச் சீட்டு கூடக் கிடையாது. எல்லாம் ஃபோனில் இருந்தது, ஃபோன் லாரிக்கு அடியில் போனது. போகவேண்டாம், உனக்கு முட்டி வலி என்று சொல்லிப் பார்த்தேன். "வர்றேன்னு வாக்கு குடுத்துட்டேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே காலேஜ் பிள்ளைகள் இருபது பேர் பாறையடியில் நின்றார்கள். கயிறு கட்டி எல்லோரையும் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். போனவுடன் மஞ்சள் எழுத்தை யாருக்கும் தெரியாமல் ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொண்டேன். இது போதும், வாயை மூடிக்கொண்டிருக்கலாம் என்று முடிவு செய்தேன். இரண்டு பேர் மருந்தில் நனைத்த பஞ்சால் மேலேயிருந்து ஒவ்வொரு பெயராக எடுத்தார்கள். ஆராய்ச்சி அம்மா இடையிடையே பிள்ளைகளுக்கு விளக்கம் சொன்னார். மத்தியானத்துக்குள் மஞ்சள் ஒன்றுதான் பாக்கி. சாப்பிட்டுவிட்டு வருகிறோம் என்று அவர்கள் இறங்கினார்கள்.

அம்மாவும் டிபன் பாக்ஸைத் திறந்தாள். மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, குதிரையைக் கிட்டத்தில் பார்க்கலாம் என்று கயிறு வரை போனாள். போனவள் அப்படியே நின்றுவிட்டாள். பாறையைப் பார்த்தாள், கையிலிருந்த மூடியைப் பார்த்தாள், மறுபடி பாறையைப் பார்த்தாள்.

"பாப்பா, இங்க வா. இது அவன்துதானே?"

"ஆமாம்மா."

"உனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்மா."

மாரில் அடித்துக்கொண்டு அழப்போகிறாள் என்று பிடிப்பதற்குக் கை நீட்டினேன். அவள் பாறையைப் பார்த்துக் கத்தினாள். கோபம் வந்தால் அவளுக்குக் கன்னடம்தான் முதலில் வரும், கழுதை கத்தே ஆகிவிடும்.

"கத்தே நன் மகனே! உனக்கு வேற எடமே கெடைக்கலியா? கம்பெனி பெயின்ட்ட எடுத்துனு வந்து, எவனோ வரஞ்ச குதிர காலுலயா எழுதுவ? இதுல டிக்கு வேற! என்னாடா ஓகே? ஊரே நின்னு பாக்குது, என் மானம் போவுது!"

சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள். ஆராய்ச்சி அம்மா ஓடிவந்து என் முகத்தைப் பார்த்தார். என் தம்பி, இப்போது இல்லை என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "வேணும்னா இத மட்டும் விட்டுடலாம்மா. பாறையில ஒரு ஓரமாத்தான் இருக்கு" என்றார்.

"எதுக்கு விடணும்? தொடைங்க. நல்லா தொடைங்க. அவன் பண்ணதுக்கு நான் மன்னிப்பு கேட்டுக்கறேன்."

துடைத்தார்கள். கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்து வரை, அப்புறம் அந்த டிக். அம்மா கண் கொட்டாமல் நின்று பார்த்தாள், பார்த்தபடியே திட்டினாள். பத்தாவதில் கணக்கில் ஃபெயிலானது, என் ஸ்கூட்டியை எடுத்துப்போய் வேலியில் விட்டது, ஒன்று விடவில்லை. இறங்கும்போதும் நிறுத்தவில்லை.

காரியம் முடிந்ததிலிருந்து அவன் எங்கள் வீட்டில் மாலை போட்ட ஃபோட்டோ. தங்கமான பிள்ளை, வாய் திறந்து ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டான் என்று வருகிறவர்கள் சொல்லச் சொல்ல நாங்களும் ஆமாம் போட்டுக்கொண்டிருந்தோம். அப்படி ஒருவன் எங்கள் வீட்டில் இருந்ததே கிடையாது. அம்மா திட்டத் திட்ட, திருடன், சோம்பேறி, என் நகத்தில் பெயின்ட் அடித்தவன், அவன் திரும்பி வந்தான். வந்த பிறகுதான் அவன் போனது எனக்கு உறைத்தது. பஸ் ஸ்டாப்பில் நின்று ஓவென்று அழுதேன். ஏழு மாதத்து அழுகை.

அம்மா திரும்பிப் பார்த்தாள். அவள் கண்ணிலும் தண்ணீர் ஓடியது. திட்டு மட்டும் நிற்கவில்லை.

"நீ எதுக்குடி அழுவுற? அவனுக்குச் செல்லம் குடுத்துக் கெடுத்ததே நீதான்."

"ஆமாம்மா" என்றேன். "நான்தான்."