பிடிமானத்துக்குத் தொட்ட சாம்பல்

நான் வேலை செய்யும் மீன் தொழிற்சாலையின் கதவுக்கு என் முகம் தெரியும். கம்பளித் தொப்பியைக் கழற்றிவிட்டு கேமராவைப் பார்த்து ஒரு விநாடி நின்றால் போதும், பச்சை விளக்கு எரிந்து கதவு விலகும். பால்டிக் கடலோரத்து இந்த ஊரில் என்னைக் கண்டதும் வழிவிடுகிற ஒரே ஜீவன் அதுதான். எதிர்வீட்டுக்காரருக்கு மூன்று வருஷமாகத் தினமும் "லாப்தியன்" என்று வணக்கம் வைக்கிறேன். அவருக்கு நான் இன்னும் புது ஆள். ஆரம்பத்தில் இந்தக் கதவைப் பற்றி ஊருக்கு போன் போட்டுப் பெருமையடித்தேன். இப்போது வாயைத் திறப்பதில்லை. இதே ஜாதி இயந்திரம் ஒன்றுதான் என் மனைவி தேவகியை யாரென்று தெரியாது என்றுவிட்டது.

தேவகி காஞ்சிபுரத்தில் பாவு பிணைப்பவள்; பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல். தறியில் ஓடி முடிந்த பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து முறுக்கவேண்டும். ஒரு பாவுக்கு ஆயிரக்கணக்கில் இழை. பட்டு வழுக்கும் என்பதால் விரலில் சாம்பலைத் தொட்டுக்கொள்வார்கள். எங்கள் தெருவில் யாரும் அதை யோசித்துச் செய்வதில்லை. மூக்கு அரித்தால் கை போகிற மாதிரிதான்.

கல்யாணமாகி நான்கு வருஷத்தில் நாங்கள் சேர்ந்து இருந்தது ஏழு மாதம். அவளை இங்கே அழைக்க விசாவுக்கு எழுதிப்போட்டோம். சென்னையில் விரல் ரேகை எடுக்கக் கூப்பிட்டார்கள். பயத்தில் அவளுக்குக் கையெல்லாம் வியர்வை.

"நல்லா அழுத்துங்க மேடம், வழுக்குது பாருங்க" என்றாளாம் கவுன்ட்டர் பெண்.

வழுக்குது என்று காதில் விழுந்தால் அவள் கை என்ன செய்யும்? பர்ஸில் கோயில் விபூதிப் பொட்டலம் இருந்தது. பிரித்து, இழை முறுக்கும் இரண்டு விரலிலும் தேய்த்துக்கொண்டு ரேகை எடுக்கும் கண்ணாடியில் வைத்துவிட்டாள்.

"கையில இன்னா பூசுறீங்க? யாரு சொல்லிக்குடுத்தது இப்டிச் செய்ய?"

"யார்மா சொல்லணும்? பிடிமானத்துக்குத்தான். பாவுல கை வெச்ச நாள்லேர்ந்து இப்டித்தான்மா."

அவள் சொன்னது எந்தத் தாளிலும் ஏறவில்லை. ரேகையை மறைக்க முயன்றார் என்பது மட்டும் ஏறியது. விசா மறுப்பு. இன்னொரு முறை விண்ணப்பிக்கலாம். அதிலும் இப்படி நடந்தால் பல வருஷத்துக்குக் கதவு சாத்தப்படும் என்று இங்குள்ள வக்கீல் சொன்னார்.

அன்று வேலையில் நான் மீனை மாற்றி மாற்றி அடுக்கியதைப் பார்த்து, பக்கத்தில் நிற்கும் இல்ஸே அம்மா என்ன ஆச்சு என்று கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை மொழியில் மனைவி, கை, சாம்பல் என்று சொல்லிவிட்டு அழுதுவிட்டேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டு என் தோளை அழுத்தினார். மறுநாள் இரண்டு வெள்ளைப் பூ கொண்டுவந்து கொடுத்தார். இந்த ஊரில் இரட்டைப்படையில் பூ கொடுப்பது செத்தவர்களுக்கு என்று பிறகுதான் தெரிந்தது. என் மனைவி செத்துச் சாம்பலானாள் என்று நினைத்துவிட்ட அந்த அம்மாவின் அன்பைத் திருத்த என் அரைகுறை மொழி போதவில்லை.

இழை முறுக்கி முறுக்கித் தேய்ந்துபோன ரேகை மறுபடி வளர வேண்டுமென்று தேவகி இரண்டு மாதம் பாவைத் தொடவில்லை. தறிக்காரர்கள் வாசலில் வந்து, "இன்னாமா, மகாராணி ஆயிட்டியா?" என்று கிண்டலடித்தார்கள். தினமும் தேங்காயெண்ணெய் தடவி, வீடியோவில் விரலை நீட்டுவாள்.

"கோடு தெரியுதா பாருங்க."

"தெரியுதுமா."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

நேற்று மறுபடி ரேகை வைக்கப் போனாள். எட்டு விரல் பதிந்தது. அந்த இரண்டு மட்டும் பதியவில்லை. பழைய குறிப்பைக் காட்டி, விசாரணையில் இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் இருந்தபடியே பேசினாள். "நான் திருடியாங்க? சாம்பலு தொட்டது ஒரு குத்தமா?" என்றாள். அப்புறம் அவளே, "நாளைக்குப் பாவு பிணைக்க வரேன்னு சொல்லிட்டேன். சும்மா குந்திக்கினு இருந்தா பைத்தியம் புடிச்சிரும்" என்றாள். முறுக்கினால் வளர்ந்த கொஞ்ச ரேகையும் தேயும் என்று தெரிந்தும், "சரிமா, போ" என்றேன்.

இன்று காலையும் தொப்பியைக் கழற்றி நின்றேன். பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே போனபின் ஐந்தாறு விநாடி அந்தக் கதவு திறந்தே இருக்கும்; பின்னால் இன்னொரு ஆள் தாராளமாக வரலாம். நான் திரும்பி நின்று, அது மூடும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்நேரம் காஞ்சிபுரத்தில் தேவகி, விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு முதல் இழையை எடுத்திருப்பாள்.