சும்மா மேடு

என் தம்பியைப் புதைத்த இடம் எனக்குத் தெரியும் என்பது அப்பாவுக்குத் தெரியாது. அம்மாவுக்கும் அது தெரியும் என்பது அவருக்குச் சுத்தமாகத் தெரியாது. வீட்டில் அப்போது நாங்கள் மூன்று பேர்தான். மூன்று பேரும் ஒரே இடத்தை மனசில் வைத்துக்கொண்டு, ஒன்றும் அறியாதவர்கள்போல எதிரெதிரே உட்கார்ந்து கூழ் குடித்தோம்.

பாகூர்ப் பக்கம், வாய்க்கால் ஓரத்தில் எங்கள் ஊர். பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போய் இரண்டு வருஷம் ஆகியிருக்கும். தம்பிக்கு ஒன்றரை வயது. மழைக்காலத்தில் பேதி கண்டு இரண்டே நாளில் போய்விட்டான். பெரியவர்கள் செத்தால் மேளம் உண்டு, பாடை உண்டு, ஊரே கூடும். குழந்தைக்கு இதெல்லாம் கிடையாது. தூங்கும் பிள்ளையைத் தூக்கிப் போவதுபோல அப்பா அவனை ஒரு துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டார். பெரியப்பா மண்வெட்டியோடு பின்னால் போனார். இடத்தைப் பெற்றவளிடம் சொல்லக் கூடாது. சொன்னால் அவள் அங்கேயே போய்க் கிடப்பாள், அடுத்த பிள்ளை தங்காது என்பார்கள். புதைத்தவர்களும் வேறு வழியாகத்தான் வீடு திரும்ப வேண்டும், மறுபடி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. எங்கள் ஊரில் எல்லா வீட்டுக்கும் இதுதான் வழக்கம்.

எனக்கு எட்டு வயது. சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை இல்லை. தாழம்புதருக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து போய் எல்லாவற்றையும் பார்த்தேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு மேடு, அதில் இரண்டு மொட்டைப் பனை. இரண்டாவது பனைக்குக் கிழக்கே பத்தடியில் குழி வெட்டினார்கள். அப்பா மண்ணைக் கையால் தள்ளி மூடினார். மண்வெட்டியைத் தொடவே இல்லை.

மூன்றாம் நாள் அம்மா என்னைப் பிடித்துவிட்டாள்.

"எங்கடி வச்சாங்க? பொய் சொல்லாத. அன்னிக்கு உன் பாவாடயெல்லாம் நாயுருவி ஒட்டிக்கினு இருந்துச்சே, எங்க போயிருந்த?"

சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. "உங்கப்பன் காதுல இது விழக் கூடாது. அந்த ஆளு தாங்க மாட்டாரு" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் மாட்டுக்குப் புல் அறுக்க வாய்க்காலைத் தாண்டிப் போக ஆரம்பித்தாள். இந்தக் கரையிலேயே புல் மண்டிக் கிடந்தது. அப்பா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அடுத்த கோடையில் நாட்டைப் படம் எழுதுகிறவர்கள் வந்து சேர்ந்தார்கள். தோப்பில் கூடாரம் போட்டார்கள். பெரிய அளவைக்காரர் திருச்சிப் பக்கத்துக்காரர், நல்ல மனுஷர், வெயிலில் கருத்துப்போய் எங்களில் ஒருவர் மாதிரியே இருந்தார். மூன்று கால் வைத்த பலகை ஒன்றை நட்டு, மேலே காகிதம் ஒட்டி, பித்தளைச் சட்டம் ஒன்றின் வழியாக ஒற்றைக் கண்ணால் பார்த்துப் பார்த்துக் கோடு போடுவார். ஒருவன் அவர் தலைக்குக் குடை பிடிப்பான். தூரத்தில் கொடிக்கம்பு பிடித்து நிற்க ஊர் நிலம் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். அப்பாவை எடுத்துக்கொண்டார்கள். அப்பா பழக்கதோஷத்தில் அவரை, பிரெஞ்சுக்காரத் துரைகளைக் கூப்பிடுவதுபோல, 'முசே' என்று கூப்பிட, அவர் விழுந்து விழுந்து சிரித்து, "சார்னு சொல்லுப்பா, போதும்" என்றார்.

சாயங்காலங்களில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கதை சொல்வார். வெள்ளைக்காரன் காலத்தில் பரங்கிமலைப் பக்கம் தரையில் சங்கிலியை விரித்து அளக்கத் தொடங்கினார்களாம். மலைக்கு மலை, மலை இல்லாத இடத்தில் கோயில் கோபுரத்தின்மேல் கருவியை ஏற்றி, அளந்துகொண்டே இமயமலை வரைக்கும் போனார்களாம். புலி அடித்தும் காய்ச்சல் கண்டும் செத்த ஆட்களுக்குக் கணக்கே இல்லையாம். "அவ்வளவு அளந்தும் உங்க ஊர்ப் பக்கம் அரைகுறையாத்தான் கெடக்கு. பிரெஞ்சுக்காரன் ஊர்னு அப்ப விட்டுட்டாங்க" என்று காகிதத்தைக் காட்டினார். உண்மையோ, எங்களை மகிழ்விக்கச் சொன்னதோ, தெரியாது. கிணற்றுக்கு ஒரு குறி, கோயிலுக்கு ஒரு குறி, சுடுகாட்டுக்கு ஒரு குறி என்று எனக்கு வரைந்து காட்டினார்.

"இதுல ஏறிட்டா யாராலயும் இல்லன்னு சொல்ல முடியாது பாப்பா. டெல்லியில உக்காந்திருக்கவனுக்கும் தெரிஞ்சிடும்."

எனக்கு அன்று இரவெல்லாம் ஒரே சந்தோஷம். தம்பி இருக்கும் இடம் டெல்லிக்குத் தெரியப்போகிறது. அம்மாவிடம்கூட நான் இதைச் சொல்லவில்லை. நடக்கட்டும், தானாகத் தெரிந்துகொள்வாள் என்று பெரிய மனுஷிபோல இருந்துவிட்டேன்.

பலகை வாய்க்கால் கரைக்கு வந்த அன்று, உச்சி வேளையில், நானும் அம்மாவும் அப்பாவுக்குக் கூழ் எடுத்துப் போனோம். கொடியைக் கீழே வைத்துவிட்டு அப்பா பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அளவைக்காரர் பென்சிலால் எதிர்க்கரையைக் காட்டினார்.

"அந்த மேடு என்னப்பா? ஏதும் விசேஷம் உண்டா?"

அப்பா மேட்டைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். அவள் கூழ்ச்சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள்.

"ஒண்ணுமில்ல சார். சும்மா மேடு."

"பேர் ஏதாவது?"

"பேரெல்லாம் கெடயாது சார். ஆடு மேயும்."

நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் கை என் தோளில் வந்து விழுந்தது. விரல்கள் எலும்பு வரைக்கும் அழுத்தின. நான் வாயை மூடிக்கொண்டேன். அளவைக்காரர் மேட்டைச் சுற்றி மெல்லிசாக இரண்டு வளைகோடுகள் போட்டார், பனைகளுக்கு இரண்டு குறி போட்டார், உள்ளே ஒன்றும் போடவில்லை. அப்பா கூழைக் குடித்துவிட்டுக் கொடியை எடுத்துக்கொண்டு போனார். அன்று முதல் பல மாதம் நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சட்டை போட்ட ஆளைக் கண்டதும் பயந்து பெற்ற பிள்ளையையே இல்லை என்று சொன்ன மனுஷன் என்று நினைத்தேன்.

நாலு வருஷம் போயிற்று. ஊருக்குச் சாலை வரப்போகிறது என்றார்கள். சந்தோஷம்தான். சாலையை உயர்த்த மண் வேண்டும். மண் எடுக்க மேட்டைக் குறித்திருந்தார்கள். செய்தி கேட்டதும் ஊர் ஆண்கள் மேட்டுக்கு ஓடினார்கள், அப்பா முன்னால் ஓடினார். ஊரில் செத்த குழந்தைகள் எல்லாரையும் வைத்தது அந்த மேட்டில்தான் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. நானும் பின்னாலேயே போனேன். அங்கே நின்ற அதிகாரி இளவயசுக்காரர். அப்பா கையைக் கட்டிக்கொண்டு, "அது பிள்ளைங்க இருக்கற எடம் சார்" என்றார். அதிகாரி ஒரு படத்தை ஜீப்பின் முன்பக்கம் விரித்துத் தேடினார்.

"சுடுகாடு ஊருக்கு வடக்கால இருக்கு, குறி போட்டிருக்கு. இங்க ஒண்ணும் இல்லையே. நேர்ல விசாரிச்சுதான எழுதியிருப்பாங்க? ஊர்க்காரங்க யாரோதான சொல்லியிருப்பாங்க?"

பெரியப்பா அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

அதிகாரியும் கல்நெஞ்சக்காரர் இல்லை. மறுநாள் மத்தியானம் வரைக்கும் தவணை கொடுத்தார். எடுக்க வேண்டியதை எடுத்து வேறு இடத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

விடிந்ததும் ஆண்கள் மண்வெட்டியோடு போனார்கள். போய் என்ன செய்வது? மழை மேட்டை வழித்திருந்தது. அந்த இரண்டாவது பனை காற்றில் விழுந்து மட்கிவிட்டது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்ற வழக்கத்தை அவர்கள் ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தார்கள். அப்பா இங்கே ஒரு வெட்டு, அங்கே ஒரு வெட்டு என்று வெட்டிப் பார்த்துவிட்டு நின்றார். சுற்றிலும் எல்லா ஆண்களும் அப்படியே நின்றார்கள்.

அம்மா வாய்க்காலில் இறங்கி நடந்து வந்தாள். புல் கூடைகூட எடுத்து வரவில்லை. நேராகப் போய் ஓரிடத்தில் உட்கார்ந்து தரையில் கையை வைத்தாள்.

"இங்க" என்றாள்.

அப்பா அவளைப் பார்த்தார். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அவர் மண்வெட்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியும். விடு."

அவளுக்குப் பின்னால் கரையில் மற்றப் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். பெரியம்மா வந்தாள். அவளுக்கு மூன்று இடம் இருந்தது. எதிர்வீட்டுக்காரி வந்தாள். யாரும் யாரையும் கேட்கவில்லை, தேடவில்லை. அவரவர் இடத்தில் போய் உட்கார்ந்தார்கள். ஆண்கள் குனிந்துகொண்டு போய் அவர்கள் காட்டிய இடத்தில் வெட்டினார்கள். கிடைத்தது கொஞ்சம்தான். பலருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை, ஒரு பிடி மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டார்கள். தாய் செத்துப்போன பிள்ளைகளைக் காட்ட ஆள் இல்லை. அவர்கள் மேட்டோடு லாரியில் ஏறிச் சாலைக்குப் போனார்கள். அந்தச் சாலையில் நடந்துதான் நான் பாகூர்ப் பள்ளிக்கூடம் போனேன்.

அதன் பிறகு அப்பா யாருக்கும் நிலம் காட்டப் போகவில்லை. அம்மாவும் அவரும் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

அவர் பயந்தது சட்டை போட்ட ஆளுக்கு இல்லை என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் விளங்கிற்று. கூழ்ச்சட்டியோடு நின்றவளுக்காக அவர் பொய் சொன்னார். அவருக்காக அவள் அந்தப் பொய்யை நம்பியவள்போல நின்றாள். அவர்கள் இருவராலும் பேசியிருக்க முடியாது. அந்த வெயிலில், அந்தப் பலகைக்குப் பக்கத்தில், பேசியிருக்கக் கூடியவள் நான் ஒருத்திதான் என்பது எனக்கு அன்று புரியவில்லை.