ரோட்டில் பரப்பிய கொள்ளுச்செடி

தர்மபுரிக்குள் சாக்கடை ஓரமாக இருந்த எங்கள் குடிசைகளை இடித்துவிட்டு, ஊருக்கு வெளியே ஐந்து கிலோமீட்டர் தள்ளி மாடி வீடு கொடுத்தார்கள். குழாய் இருந்தது, கக்கூஸ் இருந்தது. பள்ளிக்கூடம் மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. காலையில் ஒரே ஒரு டவுன் பஸ். இலவச பாஸோடு நிற்கும் பதினோரு பிள்ளைகளைக் கண்டால் டிரைவருக்குத் திடீரென்று கண் அவிந்துவிடும், நிறுத்தாமல் பறந்துவிடுவார். நடந்து போய்ச் சேர்ந்தால் பாதிப் பாடம் முடிந்திருக்கும். இன்னும் ஒரு வாரம் இப்படி வந்தால் பேரை அடித்துவிடுவேன் என்றார் டீச்சர். நான் ஐந்தாம் வகுப்பு. அடித்த பேரைத் திரும்ப எழுதவே மாட்டார்கள் என்று நினைத்து அழுதேன்.

மனு கொடுக்கலாம் என்றாள் அம்மா. சின்னம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“மனு குடுத்துக் குடுத்துத்தான் இங்க வந்து கெடக்கறோம். நீ சும்மா இரு, அக்கா!”

அவள் பக்கத்துக் காட்டில் கொள்ளு அறுக்கும் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாள். மறுநாள் விடிந்ததும் இரண்டு கட்டுச் செடியைச் சுமந்துவந்து தார் ரோட்டில் பரப்பினாள். எங்கள் பக்கம் இது புதிதல்ல. வண்டி ஏறிப் போனால் மணி உதிரும், அடிக்கிற வேலை மிச்சம். சக்கரத்தில் கொடி சுற்றிக்கொள்ளுமே என்று எந்த டிரைவரும் அங்கே ஊர்ந்துதான் போவார்.

பஸ் ஊர்ந்தது. “ஏறுங்கடா!” என்று கத்தினாள் சின்னம்மா. பதினோரு பேரும் ஏறிவிட்டோம். டிரைவர் தலையை நீட்டினார்.

“ஏம்மா, ரோடென்ன உங்கப்பன் வூட்டுக் களமா?”

“பஸ்ஸு மட்டும் உங்கப்பன் வூட்டு வண்டிங்களா? புள்ளைங்களுக்கு நிறுத்துங்க, நான் வேற களம் பாத்துக்கறேன்.”

ஆறு நாள் இதே கூத்து. ஏழாம் நாள் ரோட்டில் செடி இல்லை. பஸ் தானாக நின்றது. டிரைவர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் ஹாரன் அடித்தார்.

எனக்கோ சின்னம்மா மேல் எரிச்சல். ஆறு நாளும் சாயங்காலம் துடைப்பம் எடுத்து ரோட்டைக் கூட்டியவள் நான். சருகும் மண்ணும்தான் வந்தன; பேருக்குக்கூட ஒரு கொள்ளு இல்லை. ஏற்கெனவே அடித்து முடித்த வெறும் செடியைத் தூக்கிவந்து பரப்பியிருக்கிறாளே, எங்கள் சின்னம்மாவுக்குக் கூலி வேலைகூட உருப்படியாகத் தெரியாது என்று பக்கத்துப் பிள்ளையிடம் சொல்லிச் சிரித்தேன், முதல் மணி அடிப்பதற்கு முன்பே வகுப்பில் போய் உட்கார்ந்துகொண்டு.